கண் திறந்து ஜெபிக்கக் கற்ற கதை

இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்த காலம். அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில், ஃபோர்ட் டிக்ஸ் முகாமில் இருந்த டில்டன் ராணுவ மருத்துவமனையில் நடுத்தர வயதுப் பெண்மணி ஒருவர் கட்டில் கட்டிலாகப் போய் நோயாளிகளை விசாரித்துக்கொண்டிருந்தார். செஞ்சிலுவைச் சங்கத் தொண்டர். சாம்பல் நிறச் சீருடை. நோயாளிகளுக்குச் சின்னச் சின்ன உதவி செய்வது சங்கம் கொடுத்த வேலை. ஆரவாரமில்லாமல் அவர்களுக்காக ஜெபிப்பது அவராக ஏற்றுக்கொண்ட வேலை. அவர் பெயர் ஆக்னஸ் சான்ஃபோர்ட்.

காலில் படுகாயம் பட்டு வந்த யூதப் படைவீரர் ஒருவருக்குக் கால் தேறிவிட்டது. ஆனால் திடீர் திடீரென வரும் கோபமும் மனச்சோர்வும் அவரை விடவில்லை. பேசிப் பார்த்தபோது, சிறுவயதில் ஐரோப்பாவில் யூதன் என்பதற்காக அவர் பட்ட பாடுகள் தெரிந்தன. எதிரே இருந்த படைவீரருக்காக அல்ல, அவருக்குள் இன்னும் அழுதுகொண்டிருந்த அந்தச் சிறுவனுக்காகவே ஜெபித்ததாக சான்ஃபோர்ட் பிற்பாடு எழுதினார். இந்த வகை ஜெபத்துக்கு அவர் வைத்த பெயர் ‘நினைவுகளைக் குணமாக்குதல்’.

இன்று தமிழ்நாட்டுச் சபைகளிலும் தியான மையங்களிலும் ‘உள்மனக் காயங்களுக்கான ஜெபம்’ என்று அறிவிக்கப்படுவதன் வேர்களில் ஒன்று அந்த மருத்துவமனையில்தான் இருக்கிறது. இக்கட்டுரை அற்புதங்களின் பட்டியல் அன்று. ஜெபிக்க முன்வந்தவர்களுக்கு என்ன பயிற்சி தரப்பட்டது, அது ஏன் மாறியது என்பதே இங்கே கேள்வி. தொடக்கத்தில், காயப்பட்டவரிடம் என்ன சொல்ல வேண்டும் என்று கற்றுக்கொடுத்தார்கள். அரை நூற்றாண்டு கழிந்தபோது, என்ன சொல்லக் கூடாது என்பதே முதல் பாடமாகிவிட்டது. இடையில் சில குடும்பங்கள் சிதைந்தன.

சான்ஃபோர்டுக்கு முன்பே மருத்துவமும் ஜெபமும் ஒரு மேசையில் உட்கார்ந்து பேசியதுண்டு. 1906இல் பாஸ்டன் நகரின் இம்மானுவேல் ஆலயத்தில் குருவானவர் எல்வுட் வொர்செஸ்டர் மருத்துவர்களைக் கூட்டி நரம்புத் தளர்ச்சிக்காரர்களுக்கு உதவத் தொடங்கினார். அம்முயற்சி நெடுங்காலம் நிலைக்கவில்லை என்றாலும் சபைகளுக்கு ஒரு வழியைத் திறந்துவிட்டது.

சான்ஃபோர்ட் 1897இல் சீனாவில் பிரஸ்பிட்டேரியன் மிஷனரிகளின் மகளாகப் பிறந்தவர். எபிஸ்கோப்பல் சபைக் குருவானவரை மணந்து நியூ ஜெர்சிக்கு வந்த பின் கடும் மனச்சோர்வில் ஆண்டுகளைக் கழித்தார். வேறொரு குருவானவர் தலையில் கைவைத்து ஜெபித்த பிறகே வெளிச்சத்தைப் பார்த்ததாகச் சொல்வார். 1947இல் அவருடைய முதல் நூலான ‘தி ஹீலிங் லைட்’ வெளிவந்தது. அதில் பாவ அறிக்கைக்கு அவர் ஆயத்தமான விதம் சுவையானது: தம் வாழ்நாளை ஏழேழு ஆண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொரு பகுதியிலும் நினைவுக்கு வருவதை எழுதிக்கொண்டார். இன்றைய பயிற்சி ஏடுகளில் வரும் ‘வாழ்க்கைக் கோடு’ வரையும் பயிற்சிக்கு அதை ஒரு முன்னோடியாகக் கொள்ளலாம்.

1950களின் நடுவில் சான்ஃபோர்ட் தம்பதியர் தொடங்கிய ‘ஸ்கூல் ஆஃப் பாஸ்டரல் கேர்’தான் இத்துறையின் முதல் முறையான பயிற்சிக்கூடம். குருமார், மருத்துவர், செவிலியர் ஆகியோர் சில நாட்கள் ஒன்றாகத் தங்கிக் கற்றார்கள். காலத்துக்குக் கட்டுப்படாத கிறிஸ்து ஒருவருடைய கடந்த காலத்துக்குள்ளும் நுழைய முடியும். ஆகவே அவர் அந்தப் பழைய அறைக்குள் வருவதை மனக்கண்ணால் காண வேண்டும். ஜெபிப்பவர் அதைச் சொற்களால் வரைந்து காட்ட வேண்டும். அங்கே கற்பித்ததன் சாரம் இதுதான். சான்ஃபோர்டின் நண்பரான குருவானவர் மார்டன் கெல்சி, உளவியலாளர் யுங்கின் சிந்தனையில் தோய்ந்தவர்; மகன் ஜான் சான்ஃபோர்ட் யுங் மரபில் பயின்ற பகுப்பாய்வாளர். கனவு, கற்பனை, ஆழ்மனம் பற்றிய பேச்சு இந்த ஊழியத்துக்குள் வந்ததில் இந்த வட்டத்துக்குப் பங்கு உண்டு. 1985இல் டேவ் ஹன்ட், டி. ஏ. மக்மேன் இருவரும் ‘தி செடக்‌ஷன் ஆஃப் கிறிஸ்டியானிட்டி’ என்ற நூலில் இதையே மாந்திரீகம் என்று கண்டித்தார்கள். அந்தக் கண்டனம் அளவு மீறியது. ஆனால் கற்பனைக்கு யார் கடிவாளம் பிடிப்பது என்ற கேள்வி நியாயமானது.

இங்கிலாந்தில் இதற்கு இணையாக எழுந்த இயக்கத்துக்கும் நம் வேலூருக்கும் தொடர்பு உண்டு. ஃபிராங்க் லேக் (1914–1982) ஒட்டுண்ணியியல் கற்ற மருத்துவர். மிஷனரியாக இந்தியா வந்து வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் பணியாற்றியவர். ஒட்டுண்ணிகளை ஆராய வந்தவரின் கவனம் மெல்ல மனநோய் பக்கம் திரும்பியது. தாயகம் திரும்பி மனநல மருத்துவரானார். 1958 முதல் குருமாருக்குக் கருத்தரங்குகள் நடத்தினார். 1962இல் ‘கிளினிக்கல் தியாலஜி அசோசியேஷன்’ உருவானது. 1966இல் அவர் வெளியிட்ட ‘கிளினிக்கல் தியாலஜி’ ஆயிரம் பக்கங்களுக்கு மேற்பட்ட பெருநூல். பல்லாயிரம் பேர் அவருடைய கருத்தரங்குகளில் பயின்றார்கள். ஒருநாள் உரையைக் கேட்டுவிட்டுச் சான்றிதழோடு வீடு திரும்பும் கூட்டம் அன்று அது. சிறு குழுவாகத் தொடர்ந்து கூடி, அடுத்தவர் துயரைத் தொடுமுன் தம் துயரைப் பார்க்கப் பழகும் பயிற்சி.

லேக்கிடமும் தவறு இருந்தது. அன்று சட்டப்படி அனுமதிக்கப்பட்டிருந்த எல்எஸ்டி மருந்தை அவர் சிகிச்சையில் பயன்படுத்தினார். அதன் பாதிப்பில் நோயாளிகள் தாம் பிறந்த தருணத்தையே மீண்டும் கண்டதாகச் சொன்னதை மெய்யான நினைவாக எடுத்துக்கொண்டு, கருவறைக் காலம் வரை கோட்பாட்டை நீட்டினார். நினைவு என்பது அடியில் பத்திரமாகக் கிடக்கும் பொருள், தோண்டினால் அப்படியே வரும் என்று நம்பியவர்களில் அவரும் ஒருவர்.

1970களில் இந்த ஊழியம் கரை புரண்டது. 1967இல் சான்ஃபோர்டைச் சந்தித்த தொமினிக்கன் துறவி ஃபிரான்சிஸ் மக்நட், 1974இல் ‘ஹீலிங்’ என்ற நூலை எழுதிக் கத்தோலிக்க அருங்கொடை இயக்கத்துக்குள் இதைக் கொண்டுசென்றார். அதே ஆண்டு இயேசு சபையைச் சேர்ந்த டெனிஸ் லின், மேத்யூ லின் சகோதரர்களின் நூலும் வந்தது. சாவை எதிர்நோக்குவோர் கடக்கும் நிலைகளாக எலிசபெத் கூப்ளர்-ராஸ் சொன்ன ஐந்தையும் அவர்கள் மனக்காயத்துக்குப் பொருத்தினார்கள். அமெரிக்க அதிபர் ஜிம்மி கார்ட்டரின் தங்கை ரூத் கார்ட்டர் ஸ்டேப்பிள்டன் பாப்டிஸ்டுகளிடம் இதைப் பேசினார். இந்தியாவில் மெதடிஸ்ட் மிஷனரிகளின் மகனாகப் பிறந்து இங்கேயே பல ஆண்டுகள் ஊழியம் செய்த டேவிட் சீமண்ட்ஸ், 1981இல் ‘ஹீலிங் ஃபார் டேமேஜ்டு இமோஷன்ஸ்’ எழுதினார். லட்சக்கணக்கில் விற்ற புத்தகம். கூடவே ஒலிநாடாக்கள் வந்தன, வாரக்கடைசிப் பட்டறைகள் வந்தன. சான்ஃபோர்ட் மருத்துவர்களையும் குருமாரையும் சேர்த்து உட்காரவைத்துக் கற்பித்ததை, இப்போது ஒரு நாடாவைக் கேட்டே எவரும் செய்யலாம் என்றாகிவிட்டது.

பயிற்சி முறையில் பெரிய திருப்பம் கலிஃபோர்னியாவின் பாசடீனாவில் நேர்ந்தது. 1982இல் ஃபுல்லர் இறையியல் கல்லூரியில் ஜான் விம்பர் ஒரு பாடம் நடத்தினார். விரிவுரை முடிந்ததும் வகுப்பறையே ஜெப அறையாகும். அவருடைய முறையில் ஐந்து படிகள்: முதலில் என்ன வேண்டும் என்று கேட்பது, பிறகு நிலையை ஆய்வது, எவ்வகை ஜெபம் என்று தீர்மானிப்பது, ஜெபிப்பது, இறுதியில், இனி என்ன செய்யலாம் என்று வழிகாட்டுவது. ஜெபிக்கும்போது கண்ணை மூடாதீர்கள், எதிரிலிருப்பவரைப் பாருங்கள், நடுவில் நிறுத்தி ‘இப்போது என்ன நடக்கிறது?’ என்று கேளுங்கள் என்றார் விம்பர். கண்மூடி உரக்க மன்றாடுவதே பக்தி என்று வளர்ந்த நமக்கு இது விசித்திரமாகப் படலாம். ஆனால் கண் திறந்திருந்தால்தான் எதிரிலிருப்பவர் நடுங்குவது தெரியும். ‘போதும்’ என்று அவர் முகம் சொல்வது தெரியும்.

அப்படிப் பாராமல் போனதன் விளைவை மிசௌரி மாநிலத்தில் ஒரு குடும்பம் அனுபவித்தது. அங்கே 1992இல் சபை ஆலோசகர் ஒருவரிடம் போன இளம்பெண்ணுக்குப் புதிய ‘நினைவுகள்’ முளைத்தன. போதகரான தந்தை 7 வயது முதல் 14 வயது வரை தன்னைப் பாலியல் வன்கொடுமை செய்தார் என்றும், தாயும் அதற்குத் துணைபோனார் என்றும் அவர் மனதார நம்பினார். தந்தை பதவி விலக நேர்ந்தது. பிறகு மருத்துவப் பரிசோதனை, 22 வயதான அந்தப் பெண் கன்னித்தன்மையோடு இருப்பதையும் ஒருபோதும் கருவுற்றதில்லை என்பதையும் காட்டியது. ஆலோசகர் மீது தொடுத்த வழக்கு 1996இல் 10 லட்சம் டாலர் இழப்பீட்டில் முடிந்தது.

உளவியலாளர் எலிசபெத் லோஃப்டஸ் நினைவின் இந்தப் பலவீனத்தைச் சோதனையில் காட்டினார். அவரும் சக ஆய்வாளரும் 24 பேரிடம், சிறுவயதில் கடைவளாகத்தில் தொலைந்துபோனதாக ஒரு பொய்ச் சம்பவத்தை மூன்று மெய்ச் சம்பவங்களோடு கலந்து கொடுத்தார்கள். பின்னர் நடந்த நேர்காணல்களிலும் ஏறத்தாழ நான்கில் ஒருவர், அந்தப் பொய்யை முழுமையாகவோ அரைகுறையாகவோ தம் நினைவென்றே சொன்னார். நினைவு ஒலிநாடா அன்று. ஒவ்வொரு முறை எடுக்கும்போதும் புதிதாகக் கட்டப்படுவது. நம்பகமான ஒருவர், அதிலும் கடவுளின் பெயரால் பேசுகிறவர், ‘உன் தகப்பன் ஏதோ செய்திருக்கிறார், யோசித்துப் பார்’ என்று சொன்னால் அந்தக் கட்டடம் எப்படி எழும் என்று சொல்லத் தேவையில்லை. ஆண்டவர் எனக்குக் காட்டுகிறார் என்ற ஒரு வாக்கியத்துக்கு ஜெப அறைக்குள் இருக்கும் எடை, எந்த ஆய்வுக்கூடத்திலும் எவருடைய சொல்லுக்கும் இல்லை.

கென்டக்கியின் கேம்ப்பெல்ஸ்வில் நகரில் எட் ஸ்மித் 1996இல் தொடங்கிய ‘தியோஃபாஸ்டிக்’ முறை இந்தச் சூழலில் பிறந்தது. கடவுள், ஒளி என்ற இரு கிரேக்கச் சொற்களை ஒட்டி உருவாக்கிய பெயர். வலிப்பது நடந்த சம்பவம் அல்ல, ‘நான் அழுக்கானவள்’, ‘என்னால்தான் நடந்தது’ என்று அந்தச் சம்பவத்தில் மனம் பிடித்துக்கொண்ட பொய்தான் என்றார் அவர். ஜெபிப்பவர் காட்சியை வரைந்து காட்டக் கூடாது, விளக்கம் சொல்லக் கூடாது, புதைந்த நினைவு இருப்பதாக ஊகிக்கக் கூடாது என்ற விதிகள் இம்முறையின் பயிற்சியில் அழுத்தம் பெற்றன. ஆயினும், முறைக்குச் சொல்லப்பட்ட வெற்றிக்குப் போதிய ஆய்வுச் சான்று இல்லை, பயிற்சி போதாத சாதாரண மக்கள் கையில் இது ஆபத்தாகலாம் என்று 2004இல் உளவியலாளர் டேவிட் என்ட்விசில் எழுதினார். அந்தக் குறைகூறல் இன்றும் பொருந்தும். பின்னர் இம்முறை ‘டிரான்ஸ்ஃபர்மேஷன் பிரேயர் மினிஸ்ட்ரி’ என்று பெயர் மாறியது.

இன்னொரு கிளை ஆப்பிரிக்காவில் துளிர்த்தது. இந்த வரலாற்றின் மிக முதிர்ந்த பகுதி இதுவே என்பது கட்டுரையாளரின் கருத்து. 1994இல் ருவாண்டாவில் நடந்த இனப்படுகொலையில் சுமார் நூறு நாட்களில் ஏறத்தாழ 8 லட்சம் பேர் கொல்லப்பட்டார்கள். அடைக்கலம் தேடிப் போன ஆலயங்களுக்குள்ளேயே ஆயிரக்கணக்கானோர் வெட்டப்பட்டார்கள். வேல்ஸ் நாட்டு மனநல மருத்துவர் ரியானன் லாய்ட் அங்கு போய் இரு இனத்துக் கிறிஸ்தவர்களையும் ஒன்றாக உட்காரவைத்துப் பட்டறைகள் நடத்தினார். அவரவர் துயரைத் தாளில் எழுதி, மரச் சிலுவையில் ஆணியால் அறைந்து, பிறகு எரித்தார்கள். 2004இல் ஹாரியட் ஹில், மார்கரெட் ஹில் உள்ளிட்ட நால்வர் எழுதிய ‘ஹீலிங் தி வூண்ட்ஸ் ஆஃப் ட்ராமா’ நைரோபியில் வெளிவந்தது. ஆப்பிரிக்கச் சபைத் தலைவர்களோடு கூடிப் பேசி உருவான நூல் அது. 2012இல் அமெரிக்க வேதாகமச் சங்கம் இதற்கென்றே ‘ட்ராமா ஹீலிங் இன்ஸ்டிடியூட்’ அமைத்தது.

இந்தப் பயிற்சியின் நடுநாயகம் மூன்று கேள்விகள்: என்ன நடந்தது? அப்போது உங்களுக்கு எப்படி இருந்தது? எது எல்லாவற்றிலும் கடினமாக இருந்தது? பயிற்சிக்கு வருவோர் இரண்டிரண்டு பேராக உட்கார்ந்து இவற்றை மட்டும் கேட்டுப் பழக வேண்டும். அறிவுரைக்கு இடமில்லை, வசனம் சொல்லி வாயடைக்கவும் கூடாது. பயிற்சி முடிந்த உடனே முழுச் சான்றும் கிடைக்காது. குழுக்களை நடத்திக் காட்டிவிட்டு மீண்டும் வர வேண்டும். சங்கீதங்களின் வடிவில் சொந்தப் புலம்பலை எழுதுவதும் பாடத்தில் உண்டு. ஒப்பாரியைப் பெற்ற தமிழருக்கு இதை யாரும் புதிதாகக் கற்றுத்தர வேண்டியதில்லை. ஆனால் விசுவாசி அழக் கூடாது என்று சொல்லிச் சொல்லியே அந்த வாயை நம் சபைகள் பல அடைத்துவிட்டன. வேதத்தில் புலம்பல் என்று ஒரு புத்தகமே இருப்பது மறந்துபோயிற்று.

தமிழ் மக்களிடம் இந்த ஊழியம் பல வழிகளில் வந்து சேர்ந்தது. கேரளத்தில் சாலக்குடி அருகே முரிங்கூரில் வின்சென்டியன் சபையினர் நடத்தும் தெய்வீக தியான மையத்தில் தமிழிலும் தியானங்கள் நடக்கின்றன. உள்மனக் குணமாக்கல் அங்கே வழக்கமான பகுதி. சீர்திருத்த, பெந்தெகொஸ்தே சபைகளில் ‘உள்ளான மனுஷன்’, ‘விடுதலை ஊழியம்’ என்ற பெயர்களில் நடக்கிறது. கத்தோலிக்கர் ‘ஆற்றுப்படுத்துதல்’ என்கிறார்கள். ஆற்றுப்படை பாடிய மொழிக்குப் பொருத்தமான சொல்: வழி தெரிந்தவர், வழி கேட்பவரை உரிய வாசலுக்கு அனுப்பிவைப்பது.

அந்த வாசல் சில நேரம் ஜெப அறைக்கு வெளியே இருக்கும். 18 வயது நிரம்பாத ஒரு பிள்ளை ஜெபத்தின் நடுவில் தனக்கு நேர்ந்த பாலியல் கொடுமையைச் சொன்னால், கேட்டவர் அதைக் காவல்துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும் என்கிறது 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம், பிரிவு 19. மறைத்தால் பிரிவு 21இன்படி ஆறு மாதம் வரை சிறை; நிறுவனப் பொறுப்பாளர் தம் கீழுள்ளவரின் குற்றத்தை மறைத்தால் ஓராண்டு வரை. ‘மன்னித்துவிடு மகளே, ஜெபித்துவிட்டோம்’ என்று அனுப்பிவைப்பது ஊழியமும் ஆகாது, சட்டமும் அதை ஏற்காது.

உள்மனக் காயங்களுக்காகப் பயிற்சி வகுப்பு நடத்தும் ஒவ்வொரு சபையும் முதல் நாளிலேயே இந்த இரு பிரிவுகளையும் வாசித்துக் காட்ட வேண்டும். அருகிலுள்ள அரசு மருத்துவமனையின் மனநலப் புறநோயாளிப் பிரிவு எந்தெந்த நாட்களில் இயங்குகிறது என்று விசாரித்து, ஜெப அறைக் கதவில் ஒட்டிவைக்க வேண்டும். அதே தாளில் இரண்டு எண்களும் இருக்கட்டும்: குழந்தைகள் உதவிக்கு 1098, மனநல உதவிக்கான டெலி-மானஸ் 14416.