தெருவில் எடுத்த படம் நம்மிடம் ஏன் இல்லை?

ஈச்சிலம்பற்றிலோ மூதூரிலோ தோப்பூரிலோ ஒரு வீட்டுக்குப் போய், "உங்கட மூத்தும்மாட படம் இருக்கா? அப்பம்மாட படம் இருக்கா?" என்று கேட்டுப் பாருங்கள். இருந்தால் அநேகமாக ஒரேயொரு படம்தான் இருக்கும். கறுப்பு வெள்ளை, சின்னப் படம். முகம் நேரே பார்க்கும், சிரிப்பு இருக்காது. அது தேசிய அடையாள அட்டைக்காக எடுத்தது.

ஆட்களைப் பதிவு செய்யும் சட்டம் 1968இல் வந்தது. 1972இலிருந்து அட்டை கொடுக்கத் தொடங்கினார்கள். நம் கிராமத்துப் பெரியவர்கள் பலர் வாழ்க்கையில் முதல் தடவை கமராவுக்கு முன்னால் இருந்தது அதற்காகத்தான். அரசாங்கத்துக்கு ஒரு முகம் தேவைப்பட்டது, அந்த முகம் மட்டும் நமக்கு மிஞ்சியது. அவர் சந்தையில் எப்படி நின்றார், வயலில் இருந்து எப்படி நடந்து வந்தார், யாரோடு சிரித்துப் பேசினார் என்பதற்கு ஒரு படமும் இல்லை.

உலகத்தின் வேறு ஊர்களில் அப்படிப்பட்ட படங்கள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. அவர்களுக்குக் கிடைத்தது நமக்கு ஏன் கிடைக்கவில்லை? இதைப் புரிந்துகொள்ள, ஒரு சின்னக் கமராவின் வரலாற்றைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். நீளமான பதிவுதான், பொறுமையாக வாசியுங்கள்.

முதல் காலத்துக் கமரா ஒரு மரப்பெட்டி. முக்காலி வேண்டும், கண்ணாடித் தட்டு வேண்டும். படத்தில் விழுபவர் பல செக்கன்கள் அசையாமல் இருக்க வேண்டும். புகழ்பெற்ற ஆங்கிலப் படப்பிடிப்பாளர் ஜூலியா மார்கரெட் கமரன் 1875இல் இலங்கைக்கு வந்து, 1879இல் இங்கேயே இறந்தார். அவர் இங்கே உழைக்கும் மக்களைப் படம் எடுத்தார். ஆனால் தலைப்பைப் பார்த்தால் 'களுத்துறை விவசாயிகள்' என்ற மட்டில்தான் இருக்கும். ஆளுக்குப் பெயர் இல்லை. அவர்கள் நிறுத்தி வைக்கப்பட்டு நிற்கிறார்கள். அந்தக் கமராவால் தெருவைப் பிடிக்க முடியாது, ஏனென்றால் தெரு அசையாமல் நிற்காது.

இதை மாற்றியவர் ஒஸ்கார் பார்னாக் என்ற ஜெர்மன் தொழில்நுட்பவியலாளர். வெட்ஸ்லார் நகரில் லைட்ஸ் கம்பனியில் வேலை செய்தவர். ஆஸ்துமா நோயாளி. பாரமான கமராவைத் தூக்கிக்கொண்டு நடப்பது அவருக்குக் கஷ்டம். சினிமாவுக்குப் பயன்படுத்தும் 35 மி.மீ. பிலிமை எடுத்து, அதில் 24க்கு 36 மி.மீ. அளவில் படம் விழும்படி, உள்ளங்கையில் அடங்கும் ஒரு கமராவைச் செய்தார். மாதிரி வடிவம் முதலாம் உலக யுத்தத்துக்குச் சற்று முன்னரே தயார். 'லைக்கா' என்ற பெயரில் அது 1925இல் லைப்சிக் சந்தையில் விற்பனைக்கு வந்தது. ஒரு றோலில் 36 படம். முக்காலி தேவையில்லை.

ஒரு நோயாளி தன் மூச்சுக்காகச் செய்த கமரா, ஸ்டூடியோவுக்குப் போக முடியாத கோடிக்கணக்கான மக்களை வரலாற்றுக்குள் கொண்டு வந்தது.

இந்தக் கமராவைப் பிரபலமாக்கியவர் பிரான்ஸ் நாட்டு ஹென்றி கார்த்தியே-பிரெஸோன். 1932இல் லைக்கா வாங்கினார். மினுங்கும் உலோகப் பகுதிகளில் கறுப்பு டேப் ஒட்டிக்கொண்டு, யாருடைய கண்ணையும் உறுத்தாமல் தெருவில் நடந்தார். 1948 ஜனவரி 30ஆம் திகதி காந்தியைச் சந்தித்தார். சிறிது நேரத்தில் காந்தி சுடப்பட்டார். அதன் பிறகு அவர் எடுத்தவற்றில் நம் மனதில் நிற்பவை, இறுதி ஊர்வலத்துக்குக் கூடிய சாதாரண சனங்களின் முகங்கள். 1950 ஏப்ரலில் ரமண மகரிஷி மறைந்த இரவு அவர் திருவண்ணாமலையில் இருந்தார்.

இது எப்படி வேலை செய்தது என்று மாணவர்கள் கேட்பார்கள். 35 மி.மீ. லென்ஸில் துளையை எஃப் 8 என்று வைத்து, தூரத்தை 3 மீற்றரில் நிறுத்தினால், ஏறக்குறைய 2 மீற்றரில் இருந்து 7 மீற்றர் வரை எல்லாம் தெளிவாக விழும். கண்ணில் வைத்துச் சரிபார்க்கத் தேவையில்லை. கையை உயர்த்தினால் படம். கறுப்பு வெள்ளை பிலிமை வீட்டிலேயே கழுவலாம். ஓர் இருட்டு அறை, இரண்டு மூன்று மருந்து, 20 பாகை அளவில் தண்ணீர். நம் கிணற்றுத் தண்ணீருக்கு ஐஸ் போட வேண்டும், அவ்வளவுதான். வெளிச்சத்துக்கும் நிழலுக்கும் மட்டும் கணக்கு வைக்கும் பிலிம் அது. கடும் வெயில் ஊருக்குப் பொருத்தமானது.

இலங்கையிலும் லைக்கா வைத்திருந்த ஒரு மேதை இருந்தார். லயனல் வென்ட் என்றால் நமக்கு கொழும்பில் உள்ள நாடக அரங்குதான் ஞாபகம் வரும். அவர் 1900இல் பிறந்த பறங்கி இனத்தவர், சட்டம் படித்தவர், பியானோ வாசித்தவர். 1930களில் கமராவோடு கிராமங்களுக்குப் போனார். மீனவர், உழவர், சாதாரண மனிதர்கள் அவருடைய படங்களில் வந்தார்கள். 1934இல் வெளிவந்த 'சோங் ஒஃப் சிலோன்' ஆவணப்படத்தின் பின்னணிக் குரல் அவருடையதுதான். 1938இல் லண்டனில் அவருடைய படங்கள் தனிக் கண்காட்சியாக வைக்கப்பட்டன. 1943இல் நாட்டின் புகழ்பெற்ற ஓவியர் குழுவான '43 குழு' உருவானதில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு. 1944 டிசம்பரில், 44 வயதில் இறந்துபோனார். அவர் இறந்த பிறகு அவருடைய நெகட்டிவ்கள் அழிக்கப்பட்டன. கடதாசியில் போட்ட பிரதிகள் மிஞ்சியதால்தான் இன்று நமக்கு அவரைத் தெரியும். இந்த ஒரு விசயத்தை மறக்க வேண்டாம், கடைசியில் தேவைப்படும்.

யுத்தத்துக்குப் பிறகு ஜப்பான்காரர்கள் சின்னக் கமராவை மலிவாக்கினார்கள். 1959இல் ஒலிம்பஸ் பென் வந்தது, ஒரு றோலில் 72 படம். 1967இல் ஒலிம்பஸ் ட்ரிப் 35, அதற்கு பற்றரியே தேவையில்லை. 1979இல் சட்டைப் பைக்குள் போகும் ஒலிம்பஸ் எக்ஸ்ஏ. டோக்கியோத் தெருக்களைச் சின்னக் கமராவோடு சுற்றி, கரகரப்பான கறுப்பு வெள்ளைப் படங்களால் உலகப் புகழ் பெற்றார் டைடோ மொரியாமா.

இனி நம் பக்கம் வருவோம்.

திருகோணமலையின் பழைய படங்களைத் தேடினால் கிடைப்பவை பெரும்பாலும் கப்பல்கள், கோட்டை, துறைமுகம். கடற்படையின் கண்ணுக்குத் துறைமுகம் தெரிந்தது, அதற்கு அடுத்த பக்கத்துக் கிராமம் தெரியவில்லை. 1970களின் பெரும்பகுதியில் இறக்குமதிக் கட்டுப்பாடு, பிலிம் வாங்குவது லேசான காரியம் இல்லை. நம் வீடுகளுக்குள் சின்னக் கமரா உண்மையில் வந்தது அதன் பிறகுதான். சவூதிக்கும் குவைத்துக்கும் போனவர்கள் கசற் ரேடியோவோடு யாஷிகாவும் கொண்டு வந்தார்கள். ஆனால் அது கலர் பிலிம் காலம். றோல் விலை, கழுவும் செலவு, எல்லாம் கணக்குப் பார்த்துத்தான். அதனால் கலியாணத்துக்கும் பெருநாளுக்கும் மட்டும் கமரா அலுமாரியை விட்டு வெளியே வந்தது. உருவப்படம் பற்றி உலமாக்களிடையே இருந்த கருத்து வேறுபாட்டை மதித்து, படமே எடுக்காத குடும்பங்களும் நம்மிடம் உண்டு. அது அவர்களுடைய பேணுதல், நாம் குறை சொல்ல முடியாது.

பிறகு யுத்தம். தெருவில் கமராவோடு நிற்பவர், "ஏன் எடுக்கிறாய், யாருக்கு எடுக்கிறாய்?" என்ற கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டி வந்தது. தெருப் படத்துக்குத் தேவையான முதல் பொருள் கமரா இல்லை, பயமில்லாமல் நிற்க ஒரு தெரு. அது நம்மிடம் இருக்கவில்லை.

படம் எடுப்பதன் விலை என்ன என்பதைத் திருகோணமலை நன்றாக அறியும். 2006 ஜனவரி 2ஆம் திகதி நகரக் கடற்கரையில் ஐந்து மாணவர்கள் கொல்லப்பட்டார்கள். குண்டு வெடித்து இறந்தார்கள் என்று முதலில் சொல்லப்பட்டது. சுடர் ஒளி பத்திரிகைச் செய்தியாளர் சுப்பிரமணியம் சுகிர்தராஜன் எடுத்த படங்களில், அவை துப்பாக்கிச் சூட்டுக் காயங்கள் என்பது தெரிந்தது. அதே மாதம் 24ஆம் திகதி காலை, வேலைக்குப் போக வீதியில் நின்ற அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். ஒரு படம் பொய்யை நிறுத்தும் என்பதற்கு நம் மாவட்டத்திலேயே சாட்சி இருக்கிறது.

எடுத்து வைத்திருந்த கொஞ்சப் படங்களும் தங்கவில்லை. 2004 டிசம்பர் 26இல் கடல் வந்தது. 2006 ஆகஸ்டில் மூதூர் முஸ்லிம்கள் கந்தளாய்க்கு ஓடினார்கள். ஈச்சிலம்பற்று, வெருகல் பக்கத்துத் தமிழ் மக்கள் வாகரைக்குப் போய், அங்கிருந்து மட்டக்களப்பு முகாம்களுக்குப் போனார்கள். ஓடும்போது கையில் எடுத்தது பிள்ளை, அடையாள அட்டை, உறுதிப் பத்திரம். அல்பம் யாருக்கு ஞாபகம் வரும்? அந்த அட்டையில் இருந்த கறுப்பு வெள்ளை முகம் மட்டும் தப்பியது அதனால்தான். இரண்டு சமூகத்துக்கும் நடந்தது ஒரே இழப்பு.

அதனால் நாம் செய்யக்கூடிய சில காரியங்கள்:

வீட்டில் நெகட்டிவ் இருந்தால் எறிய வேண்டாம். ஒரு கைபேசித் திரையை வெள்ளையாக வைத்து, அதற்கு மேல் நெகட்டிவைக் கொஞ்சம் உயர்த்திப் பிடித்து, இன்னொரு கைபேசியால் படம் எடுங்கள். நிறத்தைத் தலைகீழாக்கும் வசதி படம் திருத்தும் பல செயலிகளில் இருக்கிறது.

பழைய படத்தின் பின்பக்கம் பென்சிலால் பெயர், ஊர், ஆண்டு எழுதுங்கள். பேனை வேண்டாம், மை ஊறும். களுத்துறை விவசாயிகளுக்குப் பெயர் இல்லாமல் போனது போல நம்மவர்களுக்கும் போகக் கூடாது.

ஒரு பிரதியை வேறு வீட்டில் வையுங்கள். வென்டின் நெகட்டிவ் போன பிறகும் வென்ட் மிஞ்சியது பிரதிகளால்தான்.

மாணவர்களிடம் இன்று கைபேசி இருக்கிறது. தங்களை மட்டும் எடுக்காமல், சந்தையை, பஸ் தரிப்பிடத்தை, வாடியை, வயலை, கேட்டுச் சம்மதம் வாங்கி எடுக்கச் சொல்லுவோம். வேண்டாம் என்று சொல்பவரை விட்டுவிடப் பழக்குவோம்.

நம் மூத்தும்மாவுக்கும் அப்பம்மாவுக்கும் ஒரு அட்டைப் படம்தான் கிடைத்தது. அவர்கள் பெற்ற பிள்ளைகளின் தெரு இன்றைக்கு நம் கண் முன்னால் இருக்கிறது. உங்கள் வீட்டில் 1990க்கு முந்திய ஒரு தெருப் படம், கடைப் படம், வயல் படம் இருந்தால் கொமன்ட்டில் போடுங்கள். படத்தில் இருப்பவர் பெயரையும், குடும்பத்தாரிடம் கேட்டு, சேர்த்துப் போடுங்கள்.