ரவுண்டு டாணாவும் ஒரே கூரையும்

அரசர்களின் முடிசூட்டு விழாவும் போர்க்களமும் வரலாற்று ஏடுகளில் எளிதாக இடம் பெற்றுவிடுகின்றன. உழைத்துக் களைத்த மக்கள் மாலைப் பொழுதை எங்கே, யாரோடு கழித்தனர் என்பதை அவ்வேடுகள் பெரும்பாலும் சொல்வதில்லை. அதை அறிய எளிய சான்றுகளைத்தான் நாட வேண்டும். அவற்றுள் ஒன்று பட அஞ்சலட்டை.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சென்னையில் இத்தகைய அட்டைகள் பெருமளவில் விற்பனையாயின. வீலே அண்டு கிளைன் போன்ற நிழற்பட நிறுவனங்கள் நகரின் காட்சிகளைப் படமாக்கி வெளியிட்டன. அவற்றில் அடிக்கடி இடம் பெற்ற ஒன்று மவுண்ட் ரோடு. அச்சாலையில் ரவுண்டு டாணா என வழங்கிய சந்திப்பில்தான் இன்று அண்ணா சிலை நிற்கிறது. 1895 முதல் 1953 வரை நகரில் ஓடிய மின்சார டிராம், ஜட்கா வண்டி, தலையில் சுமையோடு செல்லும் கூலியாள் ஆகியோரையெல்லாம் அக்காலப் படங்களில் ஒருசேரக் காணலாம். துரையும் தொழிலாளியும் ஒரே சாலையில் நடந்தனர். ஆனால் ஒரே இடத்தில் அமரவில்லை.

இச்சாலைதான் தென்னிந்தியத் திரையரங்குகளின் தொட்டிலாயிற்று. 1913இல் வார்விக் மேஜர் என்பவர் இங்கே எலெக்ட்ரிக் தியேட்டரை அமைத்தார். அது சில ஆண்டுகளே நடந்தது. பின் அஞ்சல் துறையின் உடைமையாயிற்று. அஞ்சலட்டைகளில் நாம் தேடும் அந்தப் பொழுதுபோக்குக் கூடமே அஞ்சல் நிலைய வளாகத்தின் பகுதியாகிப்போனது வரலாற்றின் சிறு விளையாட்டு. நிழற்படக் கலைஞரான ரகுபதி வெங்கையா 1914இல் கெயிட்டி திரையரங்கைக் கட்டினார். சென்னையில் இந்தியர் ஒருவர் கட்டிய முதல் திரையரங்கு அதுவே. ரவுண்டு டாணாவின் அருகில் எல்பின்ஸ்டன் எழுந்தது.

தலைநகருக்கு வெளியே இக்கலையைக் கொண்டு சென்றவரின் கதை கிறிஸ்தவர்களாகிய நமக்கு நெருக்கமானது. திருச்சியில் இரயில்வே ஊழியராயிருந்த சாமிக்கண்ணு வின்சென்ட், 1905இல் துய்பாண் என்ற பிரெஞ்சுக்காரரிடமிருந்து படம் காட்டும் கருவியையும் சில படச்சுருள்களையும் விலைக்கு வாங்கினார். அச்சுருள்களில் ஒன்று இயேசு கிறிஸ்துவின் வாழ்வைக் காட்டியது. வேலையைத் துறந்து, கூடாரத்தோடு ஊர் ஊராகப் புறப்பட்டார். பெஷாவர் வரைக்கும் சென்றார். 1914இல் கோவையில் வெரைட்டி ஹாலைக் கட்டினார். அதன் பெயரை அங்குள்ள சாலை இன்றும் தாங்கி நிற்கிறது. நற்செய்தி நூலைப் படித்தறியாத எத்தனையோ எளியவர்கள், ஆண்டவரின் பாடுகளை அசையும் படமாக முதன்முதல் கண்டது ஒரு கூடாரத்துக்குள்தான்.

நம் தருமபுரிப் பகுதியில் இரவுப் பொழுதின் அரசு தெருக்கூத்தினுடையது. திரௌபதி அம்மன் விழாக்களில் பாரதக் கூத்து விடிய விடிய நடக்கும். கலை ஒன்றேயானாலும், இன்னார் இன்ன இடத்தில் அமர வேண்டும் என்பதை ஊர் வழக்கமே வகுத்திருந்தது. பின்னர் வந்த டூரிங் டாக்கீஸ் அவ்வழக்கத்தைக் கேட்கவில்லை. தரை, பெஞ்சு, நாற்காலி என்று அதற்குத் தெரிந்த பிரிவு காசு மட்டுமே. தமிழர் அனைவரும் ஒரே கூரையின்கீழ் அமர்ந்த முதல் கலைக்கூடம் திரையரங்கே என்று ஈழத்து அறிஞர் கார்த்திகேசு சிவத்தம்பி கருதினார்.

இவ்விடத்தில் நாம் சற்று நின்று, நம்மையே நோக்க வேண்டும். அதே காலத்தில் நம் ஆலயங்களின் நிலை என்ன? நெல்லைச் சீமையின் வடக்கன்குளத்தில், சாதிக்கொரு பகுதியாகப் பிரித்துச் சுவர் எழுப்பிய ஆலயம் 1870களில் கட்டப்பட்டது. ஒரே பீடம், ஒரே பலி, நடுவில் சுவர். 1910இல் அச்சுவர் அகற்றப்பட்டபோது, அதனை மீண்டும் வேண்டி வழக்குத் தொடுத்தவர்களும் கிறிஸ்தவர்களே. அவர்கள் வழக்கில் தோற்றனர். எனினும் கல்லால் ஆன சுவர் விழுந்த அளவுக்கு விரைவாக மனத்தின் சுவர் விழுந்துவிடவில்லை. 2003ஆம் ஆண்டிலும் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல், தமிழக ஆயர்களைச் சந்தித்தபோது சாதி உணர்வைக் கண்டித்துப் பேச வேண்டியிருந்தது.

திரையரங்கைப் புகழ்ந்து ஆலயத்தைத் தாழ்த்துவது நம் நோக்கமன்று. திரையரங்கின் சமத்துவம் குறையுடையது. சீட்டு வாங்க இயலாதவன் வெளியிலேயே நின்றான். விளக்கு எரிந்ததும் கூட்டம் கலைந்தது. அருகிலிருந்தவன் யாரென்று எவரும் வினவவில்லை. ஆலயத்தில் கூடுவோருக்கோ சீட்டு இல்லை. திருமுழுக்கே அவர்களின் உரிமை. ஒரே அப்பத்தில் பங்கு கொள்வோர் ஒரே உடலாகின்றனர் என்பது திருத்தூதர் பவுல் நமக்குக் கையளித்த படிப்பினை. இத்தனை உயர்ந்த அடித்தளத்தை உடைய நாம், காலணா வசூலித்த கூடாரம் செய்ததைச் செய்யத் தயங்கினோம் என்பதே வேதனை.

1963இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம், திரைப்படம் முதலிய சமூகத் தொடர்புக் கருவிகளை இறைவனின் கொடைகளோடு சேர்த்து எண்ணி ஓர் ஆணை வெளியிட்டது. படத்தின் கதையில் அறம் உண்டா என்று ஆராயவே அக்கொடையை நாம் பெரும்பாலும் பயன்படுத்தினோம். படம் பார்க்கக் கூடிய மக்கள் எவ்வாறு அமர்ந்தனர் என்பதிலும் ஓர் அறம் இருந்தது. அதனை நாம் கவனிக்கவில்லை.

மங்கிய அஞ்சலட்டையில் சாலையைக் கடக்கும் அந்தச் சுமைகூலிக்குப் பெயரில்லை. அவர் அன்று மாலை தரைச் சீட்டு வாங்கிப் படம் பார்த்திருக்கலாம். மறுநாள் ஞாயிறாயிருந்து, அவர் ஆலயத்துக்கு வந்திருந்தால், எங்கே அமர்ந்திருப்பார்? நம் பங்கின் திருவிழாத் தேரிலும், கல்லறைத் தோட்டத்திலும், பங்குப் பேரவையிலும் அவருடைய பேரப்பிள்ளைகளுக்கு இன்று என்ன இடம்? விடையை ஒவ்வொரு பங்கும் தன் முன்னிலையில் எழுதிக்கொள்ளட்டும்.