நிழல் யுத்தங்கள் – 14: டெல்லிக்கு வந்த மொட்டைக் கடிதாசி

மொட்டைக் கடிதாசி எழுதுகிறவன் முழுப் பொய்யை எழுத மாட்டான். ஊருக்கே தெரிந்த நாலு உண்மையை முதலில் எழுதி, ஐந்தாவதாகத் தன் சரக்கை வைப்பான். 1983 ஜூலையில் டெல்லியிலிருந்து வந்துகொண்டிருந்த ‘பேட்ரியாட்’ நாளிதழில் வெளியான கடிதத்தை எழுதியவருக்கும் இந்த வித்தை கைவந்திருந்தது.

பெயர் இல்லை. பிரபல அமெரிக்க விஞ்ஞானி, மானுடவியலாளர் என்று மட்டும் அடையாளம். எய்ட்ஸ் இந்தியாவுக்குள் படையெடுக்கலாம் என்று தலைப்பு. நோயைப் பற்றி அன்றைக்குத் தெரிந்திருந்த விவரங்கள் பெரும்பாலும் சரியாகவே இருந்தன. அதற்குப் பிறகு வந்தது சரக்கு: அமெரிக்கப் பாதுகாப்புத் துறையான பென்டகன், மேரிலாந்தில் உள்ள ஃபோர்ட் டெட்ரிக் ராணுவ ஆய்வகத்தில் இந்தக் கிருமியை உருவாக்கியது; சோதனைகளை அடுத்துப் பாகிஸ்தானுக்கு மாற்றப்போகிறது.

பாகிஸ்தான் என்ற அந்த ஒரு சொல் போதும். டெல்லி வாசகருக்கு எங்கே தொட்டால் வலிக்கும் என்று எழுதியவருக்குத் தெரிந்திருக்கிறது.

எச்.ஐ.வி. கிருமியைப் பிரித்தெடுத்த விவரத்தைப் பாரிஸின் பாஸ்டர் ஆய்வகம் வெளியிட்டதே அதே ஆண்டு மே மாதத்தில்தான். அப்படியொரு வைரஸைச் செயற்கையாக உருவாக்கும் நுட்பம் அப்போது எந்த நாட்டிடமும் கிடையாது. ஆனாலும் நம்புவதற்குக் காரணம் இருந்தது. ஃபோர்ட் டெட்ரிக்கில் உயிரியல் ஆயுத ஆய்வு நடந்தது உண்மை. 1969-ல் அமெரிக்க அதிபர் நிக்சன் அதை நிறுத்தினார். டெல்லியிலேயே அமெரிக்கப் பணத்தில் நடந்த ஒரு கொசு ஆய்வுத் திட்டம், உயிரியல் போருக்கு ஒத்திகையோ என்ற சந்தேகத்தில் நாடாளுமன்றக் குழுவிடம் குட்டு வாங்கி, 1975-ல் மூடப்பட்டிருந்தது. புகைந்துகொண்டிருந்த இடமாகப் பார்த்துத்தான் ஊதினார்கள்.

ஊதியது சோவியத் உளவு அமைப்பான கே.ஜி.பி. ஏன் டெல்லி? கே.ஜி.பி. ஆவணக் காப்பாளராக இருந்து, 1992-ல் பிரிட்டனுக்குப் போய்விட்ட வசிலி மித்ரோகின் எடுத்துவைத்த குறிப்புகளில் ஒரு கணக்கு இருக்கிறது. 1972-ல் மட்டும் இந்தியப் பத்திரிகைகளில் 3,789 கட்டுரைகளை வெளிவரச் செய்ததாக கே.ஜி.பி. பெருமைப்பட்டிருக்கிறது. (மேலிடத்துக்கு எழுதும் கணக்கு, கொஞ்சம் ஊதித்தான் இருக்கும்.) அமெரிக்காவும் கை கட்டிக்கொண்டு நிற்கவில்லை. இந்திய அரசியலில் சி.ஐ.ஏ. இரண்டு முறை பணம் இறக்கியதைப் பின்னாளில் தன் புத்தகத்தில் எழுதியவர், இங்கே தூதராக இருந்த டேனியல் மொய்னிஹான்.

கடிதம் வந்தது; யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. இரண்டு வருடம் கிடப்பில் கிடந்தது. 1985 செப்டம்பரில் பல்கேரிய உளவுத் துறைக்கு கே.ஜி.பி. ஒரு தகவல் அனுப்பியது: எய்ட்ஸ், கைமீறிப்போன அமெரிக்க ஆயுதச் சோதனையின் விளைவு என்று வெளிநாடுகளில் கருத்தை உருவாக்கி வருகிறோம். அக்டோபரில் மாஸ்கோவின் ‘லிதரதூர்னயா கஸ்யேதா’ வார இதழ் நீண்ட கட்டுரை ஒன்றை வெளியிட்டது. ஆதாரம்? மதிப்புக்குரிய ஓர் இந்திய நாளிதழ்! சொந்த வீட்டில் அடித்த கள்ளநோட்டை வெளியூர்ச் சந்தையில் மாற்றிக்கொண்டு வந்து, ‘பாருங்கள், அசல் பணம்’ என்று காட்டுகிற வேலை இது.

அடுத்து ஒரு பேராசிரியர் கிடைத்தார். கிழக்கு பெர்லினில் ஓய்வு பெற்றிருந்த உயிர் இயற்பியலாளர் ஜேக்கப் செகால். இரண்டு வைரஸ்களை ஒட்டவைத்து எய்ட்ஸ் கிருமியை உருவாக்கினார்கள் என்பது அவர் கோட்பாடு. அதைச் சொல்லும் பிரசுரம் 1986-ல் ஹராரேயில் நடந்த அணிசேரா நாடுகள் மாநாட்டில் வலம்வந்தது.

அதே 1986-ல்தான் சென்னையில் டாக்டர் சுனிதி சாலமனும் அவரது மாணவி நிர்மலாவும் ரத்த மாதிரிகளைச் சேகரித்து, வேலூர் சி.எம்.சி.யில் சோதித்து, இந்தியாவில் எச்.ஐ.வி. இருப்பதை முதன்முதலாகக் கண்டுபிடித்தார்கள்.

1987-க்குள் கதை 80-க்கும் மேற்பட்ட நாடுகளில், 30-க்கும் மேற்பட்ட மொழிகளில் பரவிவிட்டதாக அமெரிக்கா கணக்கிட்டது. ஊர் வாயை மூட உலைமூடி ஏது? இதுபோன்ற சோவியத் பொய்ப் பிரசாரங்களை எதிர்கொள்ள அதிபர் ரீகனின் அரசு 1981-லேயே வெளியுறவுத் துறையின் கீழ் ஒரு சின்னக் குழுவை அமைத்திருந்தது. உறுப்பினர்களில் பலருக்கு இது பகுதிநேர வேலை. கதை எந்தப் பத்திரிகையில் எந்தத் தேதியில் வந்தது, யாரை மேற்கோள் காட்டியது என்று நூல் பிடித்துப் போய் அறிக்கையாக வெளியிட்டார்கள். 1987 அக்டோபரில் கிரெம்ளினில் சோவியத் தலைவர் கோர்பச்சேவ் அந்த அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டே அமெரிக்க வெளியுறவு அமைச்சர் ஷுல்ட்ஸிடம் கோபப்பட்டார்.

அறிக்கை சுட்டது, பணியவைத்தது வேறு. சோவியத் யூனியனிலும் எய்ட்ஸ் தலைகாட்டத் தொடங்கியிருந்தது. அமெரிக்க ஆய்வாளர்களின் உதவி தேவைப்பட்டது. கதையை நிறுத்தும்வரை கூட்டு ஆராய்ச்சி கிடையாது என்று அமெரிக்கா சொல்லிவிட்டது. மறுப்பு அறிக்கையை யாரும் லட்சியம் செய்ய மாட்டார்கள். பொய்க்கு விலை வைத்தால்தான் காது கேட்கும் என்பது என் கணிப்பு. அந்த அக்டோபர் முடிவதற்குள் ரோல்ட் சக்தேயெவ், விடாலி கோல்டான்ஸ்கி என்ற இரண்டு சோவியத் விஞ்ஞானிகள் ‘இஸ்வெஸ்தியா’ நாளிதழில் இந்தக் குற்றச்சாட்டுக்கும் தங்களுக்கும் சம்பந்தமில்லை என்று அறிவித்தார்கள்.

1992-ல் ரஷ்ய வெளிநாட்டு உளவுத் துறைத் தலைவர் எவ்கேனி பிரிமகோவ், கதை கட்டியது கே.ஜி.பி.தான் என்று ஒப்புக்கொண்டார். செகால் ஒப்புக்கொள்ளவில்லை. 1995-ல் இறக்கும்வரை, அந்தக் கிருமி ஃபோர்ட் டெட்ரிக்கிலிருந்துதான் வந்தது என்றே சொல்லிக்கொண்டிருந்தார்.

(தொடரும்)