ஸ்டான் மிகிட்டா: 'வந்தேறி' எனக் கேலி செய்யப்பட்ட ஹாக்கி நட்சத்திரம்

ஐஸ் ஹாக்கி நம் பக்கம் அதிகம் பார்க்கப்படும் விளையாட்டு அல்ல. திடல் ஹாக்கியில் பந்து. இதில் கெட்டியான ரப்பர் வட்டு. ஆட்டக்காரர்கள் சறுக்குக் காலணியுடன் பனித்தளத்தில் பாய்ந்து, ஒருவரையொருவர் மோதித் தள்ளுவார்கள். விதியை மீறினால், தளத்தின் ஓரத்தில் உள்ள தண்டனைப் பெட்டியில் சில நிமிடங்கள் உட்கார வேண்டும். ஸ்டான் மிகிட்டாவின் கதையில் அந்தப் பெட்டிக்குப் பெரிய இடம் உண்டு.

அவரது இயற்பெயர் ஸ்தனிஸ்லாவ் குவோத். 1940 மே 20ஆம் நாள் ஸ்லோவாக்கியாவில் சொகோல்ச்சே என்ற சிற்றூரில் பிறந்தார். 1948இல் செக்கோஸ்லோவாக்கியாவின் ஆட்சி கம்யூனிஸ்டுகள் கைக்குப் போனது. அந்த ஆண்டின் இறுதியில், கனடாவில் குடியேறியிருந்த பிள்ளையில்லாத உறவினர்களான ஜோ, அன்னா மிகிட்டா தம்பதியிடம் பெற்றோர் அவரை ஒப்படைத்தனர். அப்போது அவருக்கு எட்டு வயது. பெற்றோர் ஊரிலேயே தங்கிவிட்டார்கள். பையன் தத்துப் பிள்ளையாக ஒன்டாரியோ மாநிலத்தின் செயின்ட் கேத்தரின்ஸ் நகருக்குப் போனான், குடும்பப் பெயரும் மாறியது. பிறந்த ஊரும் பின்னாளில் இல்லாமல் போயிற்று. 1970களில் லிப்தோவ்ஸ்கா மரா அணைக்கட்டின் நீர் அதை மூழ்கடித்தது.

புது ஊரில் அவருக்கு ஆங்கிலத்தில் ஒரு சொல்கூடத் தெரியாது. தெருவில் ஹாக்கி ஆடிய பிள்ளைகளோடு சேர்ந்துதான் மொழியைக் கற்றார். அவர்களில் சிலர் அவரை 'டி.பி.' என்று கூப்பிட்டார்கள். போரில் வீடிழந்து வந்தவர்களைக் குறிக்கும் சுருக்கம் அது. சொன்ன விதத்தில் அது நம் காதில் விழும் 'வந்தேறி'தான். அவர் கைமுட்டியால் பதில் சொன்னார். பொடியனாக இருந்தாலும் யாரிடமும் பணியக்கூடாது என்ற அந்தக் குணம் பனித்தளத்திலும் அவரோடு கூடவே வந்தது.

உள்ளூர் இளையர் குழுவான டீபீஸில் தேறி, 1958-59 பருவத்தில் சிக்காகோ பிளாக் ஹாக்ஸ் குழுவுக்காக முதல் மூன்று ஆட்டங்களை ஆடினார். அடுத்த பருவம் முழுவதும் ஆடியபோது தண்டனைப் பெட்டியில் கழித்த நேரம் 119 நிமிடங்கள். 1961இல் சிக்காகோ 23 ஆண்டுகளுக்குப் பிறகு ஸ்டான்லி கிண்ணத்தை வென்றது; இறுதிச் சுற்றுகளில் அதிகமாக, ஆறு கோல்களை அடித்தவர் இவரே. 1964-65இல் லீக்கிலேயே அதிகப் புள்ளி எடுத்தவரும் இவர், 154 நிமிடம் பெட்டியில் உட்கார்ந்தவரும் இவர்!

மாற்றத்துக்குக் காரணம் அவருடைய சின்ன மகள். வெளியூர் ஆட்டம் ஒன்றைத் தொலைக்காட்சியில் பார்த்த குழந்தை, மற்றவர்கள் எல்லாம் ஆடும்போது அப்பா மட்டும் ஏன் உட்கார்ந்தே இருக்கிறார் என்று தாயிடம் கேட்டதாம். மிகிட்டாவே பலமுறை சொன்ன கதை இது. 1966-67 பருவத்தில் அவருடைய தண்டனை நேரம் வெறும் 12 நிமிடம். ஆட்டம் தளரவில்லை, 97 புள்ளிகள் குவித்து அன்றைய சாதனையைச் சமன் செய்தார். அதிகப் புள்ளிக்கான ஆர்ட் ராஸ், மிகச் சிறந்த ஆட்டக்காரருக்கான ஹார்ட், நன்னடத்தையுடன் சிறப்பாக ஆடுபவருக்கான லேடி பிங் ஆகிய மூன்று விருதுகளும் ஒரே பருவத்தில் அவருக்குக் கிடைத்தன. அதற்கு முன் யாரும் அப்படிப் பெற்றதில்லை. மறு ஆண்டும் மூன்றையும் அவரே எடுத்துக்கொண்டார்.

மட்டையை வளைத்ததும் அவர் பெயரோடு ஒட்டிய செய்தி. பயிற்சியின்போது மட்டையின் நுனி விரிசல்விட்டு வளைந்துபோனது. புதியதை எடுத்துவர அலுப்புப்பட்டு அதிலேயே அடித்தபோது, வட்டு வேறு விதமாகப் பறந்தது. அவரும் சக ஆட்டக்காரர் பாபி ஹல்லும் அதையே பழக்கமாக்க, கோல்காவலர்கள் திணறினார்கள். கடைசியில் வளைவை அரை அங்குலத்துக்கு மேல் போகக்கூடாது என்று லீக் கட்டுப்படுத்த வேண்டியதாயிற்று.

1972இல் சோவியத் குழுவுடனான புகழ்பெற்ற தொடருக்குப் போன கனடா குழுவில் அவரும் இருந்தார். தொடர் முடிந்ததும் பிராக் நகரில் செக்கோஸ்லோவாக்கியாவுடன் ஓர் ஆட்டம்; கனடாவுக்குத் தலைவர் மிகிட்டா. பிறந்த நாட்டு மண்ணில், வளர்த்த நாட்டின் சட்டையோடு ஆடிய அந்த ஆட்டம் 3-3 என்று சமநிலையில் முடிந்தது.

நண்பர் ஒருவரின் மகனுக்குக் காது கேளாது, ஆனால் ஹாக்கி என்றால் உயிர். அந்தப் பையனை முன்னிட்டு 1973இல் மிகிட்டா நண்பருடன் சேர்ந்து, செவிப்புலன் குறைந்தவர்களுக்கான அமெரிக்க ஹாக்கிச் சங்கத்தைத் தொடங்கினார். கோல் கணக்கைவிட இதைத்தான் முதலில் சொல்லத் தோன்றுகிறது. கணக்கும் சாதாரணமல்ல: ஒரே குழுவில் 22 பருவங்கள், 1,394 ஆட்டங்கள், 541 கோல்கள், 926 உதவிகள். 1980இல் சிக்காகோ குழு அவருடைய 21ஆம் எண் சட்டைக்கு ஓய்வு கொடுத்தது. அக்குழுவில் அந்த மரியாதை பெற்ற முதல் ஆட்டக்காரர் அவர். 1983இல் ஹாக்கிப் புகழ் மண்டபத்தில் சேர்க்கப்பட்டார். 2011இல் சிக்காகோ அரங்கின் வெளியே அவருக்குச் சிலை எழுந்தது.

பலர் தலைக்கவசம் அணியாத காலத்திலேயே, வட்டு பட்டுக் காதின் ஒரு துண்டு பிய்ந்த பிறகு, அவர் கவசம் அணியத் தொடங்கியிருந்தார். ஆனாலும் இறுதி ஆண்டுகளில் நினைவாற்றலைப் பறிக்கும் மூளை நோய் அவரைப் பீடித்தது. 2018 ஆகஸ்ட் 7ஆம் நாள், 78ஆம் வயதில் காலமானார். குடும்பத்தினர் மூளையைப் போஸ்டன் பல்கலைக்கழக ஆய்வுக்குக் கொடுத்தனர். தலையில் திரும்பத் திரும்ப அடிபடுவதோடு தொடர்புடைய சி.டி.இ. என்ற நோயும் அவருக்கு இருந்ததாக 2019இல் தெரியவந்தது.