கூரை கழற்றிய கார்

திறந்த கார் என்றதும் வேகமும் காற்றும் ஞாபகம் வருவது சினிமா பழக்கிய பழக்கம். நம் ஊர்களில் அது நாதஸ்வரக்காரர் நடக்கிற வேகத்தில் போகிற வாகனம். அவர் நின்று வாசித்தால் அதுவும் நிற்கும். அதில் உட்கார்ந்திருப்பவன் எதையும் பார்ப்பதற்காகப் போகவில்லை, பார்க்கப்படுவதற்காகப் போகிறான். இங்கே அந்தக் காரின் சரித்திரத்தை இந்த இடத்திலிருந்துதான் தொடங்கவேண்டும்.

ஆரம்பத்தில் கூரையில்லாமை சிக்கனத்தின் அடையாளம். 1920 வாக்கில் அமெரிக்கக் கார்களில் பெரும்பாலானவை துணிக்கூரை போட்டவை. தகடும் கண்ணாடியுமாக மூடியது பணக்காரனுடைய கார். 1922இல் எஸ்ஸெக்ஸ் போன்ற மூடிய கார்கள் குறைந்த விலைக்கு வந்தன. அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் எல்லாம் தலைகீழ். மூடியது பொதுவாயிற்று, திறந்தது விசேஷமாயிற்று. நம்மிடம் நிலைத்தது இந்த இரண்டாவது அர்த்தம்தான். பல்லக்கும் சாரட்டும் விட்டுப்போன இடத்தில், மாப்பிள்ளை அழைப்பில், திறந்த கார் வந்து உட்கார்ந்துகொண்டது.

ஆனால் கார் எங்கிருந்து வரும்? சுதந்திரத்துக்குப்பின் இறக்குமதி இறுகியது. 1950களின் நடுவில் ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் இங்கே கார் பூட்டுவதை விட்டுப் போயின. மிஞ்சியவை அம்பாசிடர், ஃபியட், ஸ்டாண்டர்டு ஹெரால்டு. ரோட்டில் பரவலாக ஓடியவை எல்லாம் மூடிய வண்டிகள். அம்பாசிடருக்கும் ஃபியட்டுக்கும் கூடே எலும்பு. கூரையை அறுத்தால் நடு உடம்பு தொய்யும், கதவு சாத்தாது. இரண்டு கதவு ஹெரால்டில் அந்தத் தொல்லை இல்லை. அடியில் தனியாகச் சேஸிஸ். மேலே துண்டு துண்டாகப் போல்ட் போட்டு முடுக்கிய உடம்பு. கூரையும் ஒரு துண்டு. ஸ்பானர் போதும்.

இந்த அமைப்புக்குக் காரணம் இங்கிலாந்தில் நடந்த ஒரு வியாபாரச் சிக்கல். ஸ்டாண்டர்டு-டிரையம்ப் கம்பெனிக்கு உடம்பு செய்து தந்த ஃபிஷர் அண்ட் லட்லோவை 1953இல் போட்டிக் கம்பெனி வாங்கிவிட்டது. முழு உடம்பு செய்து தர ஆளில்லை. ஆகவே தனித்தனி இடங்களில் செய்த துண்டுகளைச் சேஸிஸில் பூட்டும் பழைய முறைக்கே திரும்பினார்கள். இத்தாலியரான மிச்சலோட்டி உருவம் வரைந்தார். 1959இல் ஹெரால்டு வந்தது. 1961 முதல் சென்னையிலும் தயாராயிற்று. கோவென்ட்ரியின் நெருக்கடி தென்மாவட்டத்துக் கல்யாணத்துக்கு இப்படி வந்து சேர்ந்தது.

என்னிடம் இருப்பது அப்படிக் கூரை கழற்றிய ஒன்று. பல கை மாறி வந்தது. மாற்றம் ஆர்.சி. புத்தகத்தில் ஏறியிருக்கிறது. இதை வைத்துக் காப்பாற்றுவது ஓடுகிற காரைக் காப்பாற்றுவதல்ல, ஊர்கிற காரைக் காப்பாற்றுவது. விசிறி எஞ்சினோடு பெல்ட்டில் சுற்றுவதால் மெதுவாகப் போகையில் காற்று போதாது, எதிர்க்காற்றும் கிடையாது. ரேடியேட்டர் கொதிக்கும். ஹாஃப் கிளட்சிலேயே தெருத்தெருவாகப் போவதில் பிளேட் தேயும். அந்த வேகத்தில் டைனமோ பாட்டரியை நிரப்பாது. வண்டியில் சுற்றிய சீரியல் விளக்கு அதை உறிஞ்சும். ஆடியிலும் மார்கழியிலும் வேலையில்லாமல் நின்று வேறுவிதமாகக் கெடும். ஐப்பசி, கார்த்திகை முகூர்த்தங்களில் மழை.

மழைக்கு மெக்கானிக் பதில் சொல்லமுடியாது. கான்வாஸ் ஹூடு தையல்காரருடைய விஷயம். நைட்டியும் பாவாடையும் தைத்துப் பல ஊர்களுக்கு அனுப்பும் தளவாய்புரத்தில் அதற்குக் குறைவில்லை. தண்ணீர் துணி வழியாக இறங்குவதில்லை, ஊசி போட்ட துவாரம் வழியாக இறங்குகிறது என்று எனக்குச் சொன்னவர் அங்குள்ள ஒரு தையல்காரர். நூலில் மெழுகு தேய்த்தார். மடிப்பை இரட்டித்து, தையல் மேலே தெரியாமல் உள்ளே வாங்கினார். கோவென்ட்ரியில் படித்தவர் அல்ல.

தளவாய் என்பது நாயக்கர் காலத்துப் படைத்தலைவன் பதவி. யார் எதில் ஏறி எந்தத் தெருவில் போகலாம் என்பது இந்தப் பக்கங்களில் பழைய வழக்கு. பல்லக்கு போனதும் அது போய்விடவில்லை, காருக்கு மாறிற்று. கேட்பவர் தேதியைச் சொல்கிறார். பக்கத்தில் இருப்பவர்கள் என்னிடம் 'எந்தத் தெரு?' என்று கேட்கச் சொல்கிறார்கள். 1955ஆம் ஆண்டு தீண்டாமைக் குற்றங்கள் சட்டம் சமய ஊர்வலத்தில் பங்குகொள்வதைத் தடுப்பதைக் குற்றமாக்கிற்று. 1976 திருத்தம் சமூக, கலாசார ஊர்வலங்களையும் அவற்றை நடத்துவதையும் சேர்த்தது. அதுவும் போதவில்லை. 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2015இல் கொண்டுவந்து 2016 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த திருத்தம், கல்யாண ஊர்வலத்தில் தலித்துகளும் பழங்குடியினரும் குதிரையிலோ வேறு எந்த வாகனத்திலோ ஏறுவதைத் தடுப்பதைப் பெயர் சொல்லிக் குற்றமாக்கியது. ஒரு மாப்பிள்ளை காரில் ஏறுவதைப் பாராளுமன்றம் வரிபோட்டு எழுதவேண்டியிருந்தது. நான் தேதியை மட்டும் கேட்டுக்கொள்கிறேன்.

ரேடியேட்டர் கொதித்து நின்றால் ஆறவிட்டுத் தண்ணீர் ஊற்றலாம். தெருமுனையில் நிறுத்தப்பட்ட காருக்குப் பட்டறையில் வைத்தியம் இல்லை.