வைரமில்லா மரம்

தொல்காப்பியர் மரபியலில் மரத்திற்கு இலக்கணம் வகுத்தபோது அதன் உயரத்தையோ நிழலையோ கனியையோ அளவுகோலாகக் கொண்டாரல்லர். வைரம் எங்கே இருக்கிறது என்பதொன்றையே நோக்கினார். புறத்தே வைரம் உடையது புல். அகத்தே வைரம் உடையது மரம். இவ்விலக்கணப்படி நம் கரிசற்காட்டில் நெடிதுயர்ந்து நிற்கும் பனையும் புல்லே ஆகும். அகத்தின் வைரமே பெருமை என்னும் அம்மதிப்பீடு நம் மொழியில் ஆழ வேரூன்றிவிட்டது. உறுதி குலையாத நெஞ்சையும் முதிர்ந்த புலமையையும் 'வைரம் பாய்ந்தது' என்றே இன்றும் போற்றுகிறோம்.

ஆனால் வெம்பக்கோட்டை, சிவகாசி, சாத்தூர் வட்டாரத்து அடுப்புகள் ஒரு நூற்றாண்டுக் காலம் எரிந்தது பெரும்பாலும் வைரமே இல்லாத மரங்களின் தயவால். அவற்றுள் தலையாயது மேற்குத் தொடர்ச்சி மலைச்சாரலில் வளரும் மட்டி. நம் பேச்சில் மட்டி என்றால் மூடன். ஏசுவதற்கு வழங்கும் சொல் இம்மரத்தின் பெயரோடு ஒத்தது தற்செயலே. ஆயினும் சொல்லை நிறுத்துப் பார்க்கும் கவிஞர்க்கு அது சற்றே உறுத்தும். தாவரவியலார் இதனை அயிலாந்தஸ் என்னும் பேரினத்துள் அடக்குவர். கிழக்கிந்தியத் தீவான அம்போனின் மொழியிலிருந்து பெற்ற அச்சொல்லுக்கு வானளாவும் மரம் என்று பொருள் கூறுவர். பட்டையைக் கீறினால் வடியும் பிசின்தான் மட்டிப்பால். நறும்புகைக்கும் ஊதுவத்திக்கும் உரியது.

இதன் கட்டை வெண்மையானது, இலேசானது. நேரான இழையோட்டம் உடையது. தூணுக்கு உதவாது, உத்தரத்திற்கு உதவாது. வெட்டிப் போட்ட சில வாரங்களில் பூஞ்சை படர்ந்து நிறம் கெடும். தச்சன் குறையென்று தள்ளும் இவ்வியல்புகளே தீக்குச்சிக்குத் தகுதியாயின. ஈரம் காயாத கட்டையை எந்திரத்தில் சுழற்றிக் கத்தி வைத்தால், பாயை விரித்தாற்போல ஏறத்தாழ இரண்டு மில்லிமீட்டர் கனத்தில் சீவல் உரிந்து வரும். அதனை நறுக்கினால் குச்சி. இழை நேராக இருப்பதால் உரசும்போது எளிதில் ஒடியாது. இளகிய உடலாதலின் உருகிய மெழுகை உறிஞ்சிக்கொள்ளும். தலையிலுள்ள மருந்து எரிந்து தீருமுன் சுடர் குச்சிக்கு இறங்குவது அம்மெழுகினாலேயே.

நம் மண்ணின் கருவேலத்தை இவ்விடத்தில் நினைத்துப் பார்க்கலாம். ஏருக்கும் வண்டிக்கும் அதற்கு நிகர் இல்லை. ஆனால் அதில் குச்சி சீவப் புகுந்தால் கத்தி மழுங்குவதே மிச்சம். ஆகவே கட்டைகள் மலைக்கு அப்பாலிருந்து, கேரளத்து வீட்டுத் தோட்டங்களிலிருந்து, செங்கோட்டை வழியாக வந்தன. மழை மறைவுப் பூமிக்கு வெயில் வாய்த்தது. குச்சியும் மருந்தும் காய அவ்வெயில் வேண்டும். மரம் ஈரநாட்டினது, உழைப்பு வறண்ட நாட்டினது.

இதன் தொடக்கம் நெடுங்காலத்திற்கு முந்தியதன்று. ஸ்வீடனிலிருந்தும் ஜப்பானிலிருந்தும் தீப்பெட்டி இறக்குமதியான காலத்தில், இந்நாட்டில் அத்தொழிலுக்கு உள்ள வாய்ப்பை ஆராய்ந்து வனத்துறை அறிஞர் ட்ரூப் 1910இல் ஒரு நூல் வெளியிட்டார். 1922இல் சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தொழில் கற்றுத் திரும்பினர். மறு ஆண்டு தொழிற்சாலை எழுந்தது. பின்னர் நேர்ந்ததே நோக்கத்தக்கது. எந்திரத்தினும் கைகள் மலிவாக இருந்தன. குச்சிகளைச் சட்டத்தில் அடுக்குவதும் பெட்டி ஒட்டுவதும் பெண்களின் பணியாயின. சிறுவர் சிறுமியரின் பணியுமாயின. விடியுமுன் பேருந்துகள் ஊர் ஊராகச் சென்று குழந்தைகளை ஏற்றி வந்த கொடுமையைக் 'குட்டி ஜப்பானின் குழந்தைகள்' என்னும் ஆவணப்படம் 1990இல் உலகறியச் செய்தது. மரம் மென்மையாக இருந்ததால்தான் பிஞ்சு விரல்களாலும் இவ்வேலை இயன்றது என்பதை எண்ணும்போது, மட்டியைப் புகழ வந்த பேனா சற்றுத் தயங்குகிறது.

வைரமுள்ள மரத்திற்கு வரலாறு வாய்க்கிறது. செங்கடற்கரையில் பெரெனிகே என்னும் பழந்துறைமுகத்தை அகழ்ந்தோர் அங்கே இந்தியத் தேக்கைக் கண்டெடுத்தனர். அதைக் கொண்டு கடல் வாணிகத்தைப் பற்றி எழுத முடிந்தது. வெம்பக்கோட்டையை அடுத்த வைப்பாற்றங்கரை மேட்டில் 2022 முதல் தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை நடத்திய அகழாய்வில் சங்கு வளையல்களும் மணிகளும் சுடுமண் பொருள்களும் வெளிப்பட்டன. சங்கறுத்த கைகளுக்குச் சங்கு சான்றாக நின்றது. தீக்குச்சி அடுக்கிய கைகளுக்கோ அவ்வாறு சான்று நிற்க வழியில்லை; அவர்கள் செய்த பொருள் எரிந்துபோவதற்கென்றே செய்யப்பட்டது. மரச்சீவலால் செய்த பழைய பெட்டிகளும் அட்டைப்பெட்டி வந்தபின் மறைந்தன. எஞ்சியவை பெட்டியின்மேல் ஒட்டிய வண்ணச் சீட்டுகள். அவற்றையும் சேகரிப்போர் உளர். அடுக்கியவரின் பெயர் அச்சீட்டில் இராது.

பதினான்கு ஆண்டுகள் ஒரு ரூபாயாகவே இருந்த தீப்பெட்டியின் விலை 2021 டிசம்பரில் இரண்டு ரூபாயாயிற்று. மலிவான லைட்டர்களின் வரவு தொழிலை நெருக்கவே, இருபது ரூபாய்க்குக் குறைந்த விலையுடையவற்றின் இறக்குமதியை 2023இல் நடுவணரசு தடுத்தது. மட்டியின் உறவான பெருமரம் வறட்சியையும் தாங்கும். அதனைத் தமிழக உழவரும் குச்சிக்கென நட்டு வளர்க்கின்றனர். அதன் இலையில் ஒரு கெட்ட வாடை உண்டு. ஆடுகள் அதைப் பொருட்படுத்துவதில்லை.