மூன்று தட்டுகளின் மொழி: விமான ரிவெட்டும் ஏட்டில் ஏறாத அறிவும்

விமான வரலாற்றை எழுதுவோர் எஞ்சினையும் இறக்கையையும் வேகத்தையும் விரிவாகப் பேசுவர். தகட்டோடு தகட்டை இணைக்கும் ரிவெட், அதாவது தறையாணி, அடிக்குறிப்பில் ஒதுங்கிவிடும். ஆனால் ஒரு ரிவெட் எவ்வாறெல்லாம் பிழைபடும், அப்பிழையை எவ்வாறு அறிவது என்னும் அறிவுக்குத் தனி வரலாறு உண்டு. அது பெரிதும் கையாலும் செவியாலும் கடத்தப்பட்ட வரலாறு.

1906இல் ஜெர்மானிய உலோகவியலாளர் ஆல்ஃபிரெட் வில்ம், செம்பு கலந்த அலுமினியத்தைச் சூடாக்கிச் சட்டெனக் குளிர்வித்தால், பின்னர் அது தானாகவே கடினமாவதைக் கண்டார். 1909இல் சந்தைக்கு வந்த டியூராலுமின் அதன் விளைவு. உலோக விமானத்தைச் சாத்தியமாக்கிய இப்பண்பே ரிவெட் அடிப்பவருக்குச் சிக்கலாயிற்று. இன்று 2024 என்னும் எண்ணால் அறியப்படும் கலவையின் ரிவெட்டைக் குளிர்வித்த 10 முதல் 20 நிமிடங்களுக்குள் அடித்தாக வேண்டும். தாமதித்தால் தலை வெடிக்கும். எனவே ரிவெட்டுகள் குளிர்பெட்டிக்குள் புகுந்தன. குளிர்பெட்டி தேவைப்படாத மென்கலவையும் பின்னர் வந்தது. கலவைகளை வேறுபடுத்தத் தலையிலேயே குறியிட்டனர்: குழிப்புள்ளி மென்கலவைக்கு, இரு மேடுக்கோடுகள் 2024க்கு. மொழியியலாளர் இதை ஒரு சிற்றெழுத்து முறை என்றே கொள்ளலாம்.

ரிவெட் அடிப்பது பெரும்பாலும் இருவர் வேலை. ஒருவர் காற்றுச் சுத்தியலால் தலைப்பக்கம் அடிப்பார். மற்றவர் மறுபக்கத்தில் கனத்த எஃகுக் கட்டையைத் தாங்கிப் பிடிப்பார். வால்முனை அக்கட்டையில் மோதித் தட்டையாகி இரண்டாம் தலையாகும். அதன் அகலம் ரிவெட் விட்டத்தின் ஒன்றரை மடங்கும், உயரம் பாதியும் இருத்தல் நன்று. இருவருக்கும் நடுவே தகடு. ஒருவர் முகத்தை மற்றவர் காண இயலாது. இரைச்சலில் பேச்சும் எடுபடாது. ஆகவே தட்டுகள் மொழியாயின. கட்டை பிடிப்பவர் ஒருமுறை தட்டினால் இன்னும் அடிக்க வேண்டும். இருமுறை எனில் சரி. மும்முறை எனில் பழுது, அகற்றுக.

பழுதுகளுக்கும் ஓர் இலக்கணம் உண்டு. இரண்டாம் தலை ஒருபுறம் சாய்ந்தால் கட்டை நேராக இல்லை, அல்லது ரிவெட் நீளம் மிகுதி. தகடுகளுக்கிடையே ரிவெட் உப்பினால் அவை இறுகப் பிடிக்கப்படவில்லை, அல்லது துளையிட்ட பிசிறு நீக்கப்படவில்லை. தலையில் பிறைவடிவத் தழும்பு விழுந்தால் சுத்தியல் முனை நழுவியிருக்கிறது. அமெரிக்கப் பணிமனை வழக்கில் அதன் பெயர் ‘புன்னகை’. சிறு குறையுள்ள ரிவெட்டைத் துளையிட்டு அகற்றப்போய்த் துளையையே அகலமாக்குவது பெருங்குறை. எதைத் திருத்துவது, எதை விட்டுவிடுவது என்னும் தீர்ப்பே தேர்ச்சியின் உச்சம்.

1930களில் வேகம் கூடியபோது, காற்றில் துருத்தாத சமதள ரிவெட் தேவைப்பட்டது. 1935இல் வேகச் சாதனை படைத்த ஹியூஸின் எச்-1 அதற்குப் புகழ்பெற்ற சான்று. தலைக்குழியின் கோணத்தில் நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபாடு இருந்தது. போர்க்காலத்தில் 100 பாகை பொதுத்தரமாயிற்று. இம்மாற்றத்தை ஆராய்ந்த வால்டர் வின்சென்டி 1984இல் ஒரு முக்கியமான முடிவை முன்வைத்தார்: இங்கே அறிவியல் கோட்பாடு வழிநடத்தவில்லை, பணித்தளச் சோதனையும் கைப்பழக்கமுமே அறிவை உண்டாக்கின.

அந்தக் கைகள் யாருடையவை? 1943இல் நார்மன் ராக்வெல் வரைந்த ‘ரோசி’யை உலகம் அறியும். ஆயினும் அவர் ஒரு சின்னம். உண்மையில் ரிவெட் அடித்த பெண்களில் மிகப் பலர் போர் முடிந்ததும் வேலையிழந்தனர். அவர்கள் கண்டறிந்த நுட்பங்கள் கையேடுகளில் பெயரின்றிக் கலந்தன. இன்று வீட்டுக் கொட்டகையில் கிட் விமானம் கட்டும் தனிமனிதர் அதே சாய்ந்த தலையை, அதே ‘புன்னகை’யைச் சந்திக்கிறார். கையேடு அவருக்கு அளவைத் தருகிறது. மறுபக்கத்திலிருந்து தட்டிச் சொல்லும் தோழரைத் தருவதில்லை.

1940இல் பெங்களூரில் தொடங்கிய இந்துஸ்தான் ஏர்கிராஃப்ட் நிறுவனம் போர்க்காலத்தில் அமெரிக்க விமானங்களைப் பழுதுபார்த்தது. அத்தகைய கொட்டகைகளில் பிழைகளுக்கு என்ன பெயரிட்டனர், எம்மொழியில் எச்சரித்தனர் என்பவை தொழில்நுட்ப வரலாற்றுக்கும் மொழியியலுக்கும் பொதுவான கேள்விகள். வடிவமைப்பாளரின் வரைபடத்தைக் காப்பகம் பேணும். தொழிலாளரின் சொல்லை நாம் கேட்டுப் பதிந்தாலன்றி, அது பேசியவரோடு போய்விடும். குடும்பத்தில் இத்தகைய பணிமனைகளில் உழைத்த மூத்தோர் இருப்பின், மாணவ நண்பர்கள் முதலில் அவர்களிடம் பிழைகளின் பெயர்களைக் கேளுங்கள்.